ஐம்பதைக் கடந்தவருக்குச் சேலையா, சுடிதாரா?

வயதுக்கேற்ற உடை என்று நம் வீடுகளில் சொல்லும்போது பெரும்பாலும் சேலையையே குறிக்கிறார்கள். ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலைக்கு, குறிப்பாகக் கட்டம் போட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு, எந்த வயதிலும் ஒரு கம்பீரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூட்டுவலியுள்ள என் அம்மா, ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு பேருந்துப் படியில் ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். 62 வயதில் அவர் சுடிதாருக்கு மாறிய பிறகு, இரு கைகளும் கம்பிக்குக் கிடைத்தன. “இந்த வயதில் இதெல்லாம் தேவையா?” என்று உறவினர்கள் கேட்டது நியாயமே இல்லை. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு வெளியிட்ட உடை விதிகூடச் சேலையையும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும் சமமாகவே ஏற்றது. திருமண வீடுகளுக்கு அம்மா இன்றும் கண்டாங்கிதான் கட்டுகிறார்.