பொருட்காட்சிப் பேய் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மே விடுமுறையில் எங்கள் ஊர் மைதானத்தில் தனியார் பொருட்காட்சி ஒன்று போட்டிருந்தார்கள். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம் எல்லாம் தாண்டி, கடைசியில் ஒரு பேய் வீடு. நான், அக்கா, என் 9 வயது மகள், அக்காவின் 14 வயதுப் பையன் என நான்கு பேர் உள்ளே போனோம். அந்தக் கொட்டகையைப் பிரித்து இந்நேரம் வேறு ஊரில் போட்டிருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை.

பயமுறுத்தினார்கள் என்பது என் புகார் இல்லை. பயப்படத்தானே காசு கொடுத்துப் போகிறோம். சின்ன வயதில் மாரியம்மன் பண்டிகைக் கடைவீதியில் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இப்படி ஒரு கொட்டகைக்குள் போயிருக்கிறேன். வெளியே வந்ததும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் மகளுக்கும் அப்படி ஒரு மாலை கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

வெளியே போர்டில் ஆளுக்கு 80 ரூபாய் என்று எழுதியிருந்தது. கவுன்டரில் 120 கேட்டார்கள். கேட்டதற்கு, "அது பழைய ஷோங்க்கா, இப்போ ஸ்பெஷல்" என்றார்கள். 480 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் இல்லை, பிளாஸ்டிக் டோக்கன்தான். மகளுக்கு வீசிங் உண்டு. அதைச் சொல்லி, உள்ளே புகை போடுவீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுங்க்கா, எல்லாம் வெறும் பொம்மைதானுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

உள்ளே பிளைவுட் தட்டிகள், கறுப்புத் துணி, தெர்மாகோல் மண்டை ஓடுகள். ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து, வளைந்து வளைந்து போகிறது. ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. முதல் திருப்பத்திலேயே புகை. மேடைகளில் பயன்படுத்தும் புகை இயந்திரம்தான். கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த திரவத்தைச் சூடாக்கி விடுவார்கள். திறந்த மேடையில் அது கலைந்துவிடும். நான்கு பக்கமும் அடைத்த சந்தில் எங்கே போகும்? மகள் இருமத் தொடங்கினாள்.

திரும்பலாம் என்றால் பின்னால் அடுத்த கும்பலை அனுப்பிவிட்டார்கள். சரி, முன்னால் போய்விடலாம் என்று நடந்தபோது கரண்ட் போனது. ஸ்பீக்கர் நின்றது, மின்விசிறி நின்றது, சிவப்பு பல்பும் அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் இதுவும் ஷோ என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. ஷோவாக இருந்தால் ஒரு நிமிடத்தில் விளக்கு வந்திருக்கும். வரவில்லை.

அக்கா பையன் செல்போன் வெளிச்சத்தில் வெளியேறும் கதவைக் கண்டுபிடித்தான். தள்ளினான், திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். டிக்கெட் இல்லாமல் பின்பக்கமாக யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவாம்! இருபது பேருக்கு மேல் அந்த இருட்டுக்குள் இருந்தோம். கத்தினோம், தட்டினோம். ஜெனரேட்டர் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது அங்கே பேய் வேஷம் போட்டிருந்த பையன். பதினெட்டு வயது இருக்கலாம். முகமூடியைக் கழற்றிவிட்டு, "இப்படி வாங்க்கா, நாங்க இந்த வழியாத்தான் தண்ணி குடிக்கப் போவோம்" என்று பக்கத்துத் துணியைத் தூக்கி, ஒரு தட்டியை நகர்த்தினான். ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே வந்தோம். செல்போனைப் பார்த்தால் கரண்ட் போய் எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. மகளுக்கு இன்ஹேலர் கொடுத்து, மூச்சு சீராக இருபது நிமிடம் ஆனது. அந்தப் பையனின் சட்டை முழுவதும் வியர்வை. அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனையும் சேர்த்துத்தான் அந்தப் பெட்டிக்குள் பூட்டியிருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "திருப்பித் தரப்பட மாட்டாது" என்று போர்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். அதைவிட வலித்தது வேறொன்று. கரண்ட் வந்ததும் வாசல் டிவியில், உள்ளே இருட்டிலும் படம் பிடிக்கும் கேமராவில் எடுத்த காட்சி ஓடியது. அதில் என் மகள் அழுதுகொண்டிருந்தாள். கூட்டம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டிக்கெட் எடுத்தது. எங்கள் அனுமதியை யார் கேட்டார்கள்? அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டு, அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பேய்க் கோட்டை தீப்பிடித்து எட்டு இளைஞர்கள் இறந்தார்கள். லாரி டிரெய்லர் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிய இருட்டுச் சந்து அது. உள்ளே எளிதில் தீப்பிடிக்கும் நுரைப் பஞ்சு இருந்தது, தீயை அணைக்கும் தண்ணீர் தெளிப்பான் இல்லை. அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதிகள் இன்று இத்தகைய இடங்களில் அபாய மணி அடித்ததும் ஸ்பீக்கர் தானாக நின்று விளக்குகள் எரிய வேண்டும் என்கின்றன. நம் நாட்டில் 2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டு அரங்கில் வெல்டிங் தீப்பொறியில் பிடித்த தீயில் குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்துபோனார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அந்த இடம் நடந்துகொண்டிருந்தது. பிளைவுட்டும் துணியும் தெர்மாகோலும் சேர்ந்த இடத்தில் ஒரு வயர் உரசினால் போதும்.

மறுநாள் தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் வந்து பார்த்து, தாழ்ப்பாளைக் கழற்ற வைத்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் பதிவு செய்தேன். பில் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். பணம் இன்னும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஜிபே ரசீதுதான் என் கையில் இருக்கும் சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

உங்கள் ஊருக்கும் பொருட்காட்சி வரும், பிள்ளைகளும் கையைப் பிடித்து இழுப்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வெளியேறும் கதவு எங்கே, தாழ்ப்பாள் இருக்கிறதா, கரண்ட் போனால் எரியும் விளக்கு உள்ளதா என்று பாருங்கள். பின்பக்கம் போக விடமாட்டோம் என்றால் பிள்ளைகளுக்கு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். என் மகள் இப்போதும் பாத்ரூம் கதவைத் தாழ்போட மாட்டேன் என்கிறாள். நான் வெளியே நிற்கிறேன்.