எட்டு மாத இணையக் கட்டணம் போச்சு: வைஃபை உதவி எண் என்று தேடி அழைக்காதீர்கள்

முந்தாநாள் மாலை நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எட்டு மாதத்துக்கு நான் கட்டும் இணையக் கட்டணம் எவ்வளவோ, அவ்வளவு பணத்தை ஒன்றரை மணி நேரத்தில் ஏமாற்றிப் பிடுங்கிவிட்டார்கள். வேறு யாரும் இதில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ரூட்டர் கோளாறை நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பத்து நாளாக வீட்டு வைஃபை சரியில்லை. அரை மணி நேரம் ஓடும், திடீரென்று கட்டாகும், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே திரும்ப வரும். ரூட்டரை அணைத்துப் போட்டேன், இடம் மாற்றி வைத்தேன், மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்பதால் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. முந்தாநாள் ஒரு வேலைக்கான நேர்காணலின் நடுவில் கட்டானபோது பொறுமை போய்விட்டது. போன் டேட்டாவில் ரூட்டர் கம்பெனியின் உதவி எண்ணைத் தேடி, எல்லாவற்றுக்கும் மேலே வந்த எண்ணை அழைத்தேன். அது கம்பெனியின் எண்ணே இல்லை, யாரோ காசு கட்டிப் போட்ட விளம்பரம்.

எடுத்தவர் அவ்வளவு பணிவு. மாடல் எண் கேட்டார், எந்தெந்த விளக்கு எரிகிறது, என்ன நிறம் என்று கேட்டார். "பதறாதீங்க மேடம், உங்க தம்பி மாதிரி நினைச்சுக்கோங்க, சரி பண்ணிட்டுத்தான் போனை வைப்பேன்" என்றார். விளக்கின் நிறத்தைக் கேட்டாரே, அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். விஷயம் தெரிந்தவர்தானே அதைக் கேட்பார்! அதற்குள் வைஃபையும் திரும்ப வந்திருந்தது. தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ஒரு செயலியை இறக்கச் சொன்னார், அதில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். அப்புறம் என் கணினி அவர் கையில்.

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, கணினியின் இணையத் தொடர்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் என்ற கட்டளையை அடித்தார். வரிசையாக எண்கள் ஓடின. 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பைக் காட்டி, "பாருங்க மேடம், வெளிநாட்டுல இருந்து இத்தனை பேர் உங்க ரூட்டருக்குள்ள இருக்காங்க, அதான் கட்டாகுது" என்றார். விண்டோஸ் தன் பிழைகளையும் நிகழ்வுகளையும் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். வங்கிக் கணக்கெல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கிறது, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆயுள் முழுக்கப் பாதுகாப்புத் திட்டம் என்று எட்டு மாதக் கட்டணத்தைக் கேட்டார். கட்டினேன்.

அந்தத் தலைப்புக்கும் வெளிநாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நம் கணினி யாரோடு தொடர்பில் இருக்கிறதோ அந்த மறுமுனையின் முகவரி, அவ்வளவுதான். நாமே திறந்து வைத்த பக்கங்கள், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் ஆகியவை தொடர்புகொள்ளும் முகவரிகள்தான் பெரும்பாலும் அங்கே வரும். சிவப்புக் குறிகளும் நன்றாக ஓடும் விண்டோஸ் கணினியில்கூட இருக்கும்.

போனை வைத்த இருபதாவது நிமிடம் மறுபடி கட்டானது. அழைத்தேன், "திட்டம் பதிவாக நாலு மணி நேரம் ஆகும்" என்றார் அதே தம்பி. நாலு மணி நேரம் கழித்து வேறொரு குரல், ரூட்டர் பழசு, புதிது வாங்குங்கள் என்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அதற்குத் தனிப் பிரிவு, காலையில் அழையுங்கள். காலையில், "சேவை தொடங்கியாச்சு, திருப்பித் தர முடியாது." எட்டு மாதப் பணம் என்று குரல் உயர்த்தினேன், வைத்துவிட்டார்கள். அதன்பின் என் எண்ணிலிருந்து அவர்களுக்கு அழைப்பே போவதில்லை.

நேற்று இரவு ரூட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். கட்டாகும்போது எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து, பிறகு முதலிலிருந்து ஒவ்வொன்றாக எரிந்தன. அதாவது ரூட்டரே அணைந்து மறுபடி தொடங்குகிறது. மின்சார அடாப்டரைத் தொட்டால் கொதித்தது. அதில் போட்டிருந்த அதே 12 வோல்ட், 1 ஆம்பியர், அதே முனையுள்ள வேறொன்றை மாட்டினேன். இந்த நிமிடம் வரை ஒருமுறைகூடக் கட்டாகவில்லை. ஒரு அடாப்டர் கோளாறுக்கு எட்டு மாதக் கட்டணம்!

விரிவாக எழுதத் தெம்பில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். போன், டிவி, கணினி எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கட்டானால் கோளாறு கணினியில் இல்லை. ரூட்டரைச் சரிசெய்யக் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க விடச் சொன்னால் உடனே போனை வையுங்கள். எண் வேண்டுமானால் ரூட்டர் வந்த பெட்டியிலோ இணையக் கட்டண ரசீதிலோ பாருங்கள், தேடாதீர்கள். ஏற்கனவே உள்ளே விட்டுவிட்டீர்களா? இணைப்பைப் பிடுங்கி, அந்தச் செயலியை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் கட்டியிருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள், அந்தக் கும்பலோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். நான் அதிலேயே கிட்டத்தட்ட ஒரு நாளை விட்டேன், வங்கியில் புகார் கொடுத்ததே நேற்று மதியம்தான்.