ஹீட் ரெகவரின்னு சொல்லி வெறும் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிட்டு போயிட்டாங்க, தயவுசெஞ்சு படிங்க

வயிறு எரியுது. ஆர்டர் எடுத்து ஆளையும் அனுப்புற ஒரு ஆன்லைன் தளம் மூலமா, வீட்டுக்கு ஹீட் ரெகவரி வென்டிலேஷன், அதாவது உள்ள இருக்கற சூடு வீணாகாம காத்தை மாத்துற மெஷின், போட்டேன். சுவத்துல துளை போட்டு ரூமுக்கு ஒண்ணா மாட்டுற டைப். மூணு மாச சம்பளம் மொத்தமா போச்சு.

இது எப்படி வேலை செய்யணும்னா, பைப்புக்குள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு பீங்கான் கட்டி இருக்கும். ஃபேன் ஒரு நிமிஷத்துக்கு மேல, சாதாரணமா 70 செகண்ட் போல, உள் காத்தை வெளிய தள்ளும், அந்த சூட்டை பீங்கான் பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் ஃபேன் திசை மாறி வெளிக்காத்தை உள்ள இழுக்கும்போது அந்த சூட்டை திருப்பிக் குடுக்கும். ஜோடியா போடணும், ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கணும்.

மாட்ட வந்தவர் அவ்ளோ பொறுமையா பேசினார், ஷூவை வெளிய கழட்டிட்டு வந்தார், துளை போட்ட தூசியைக் கூட அவரே துடைச்சார். கடைசியா ஒரு டிஷ்யூவை கிரில் மேல வெச்சார், பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சு. "பாத்தீங்களா சார், எப்படி இழுக்குது, ஆப்ல வேலை முடிஞ்சதுன்னு அமுக்கிடுங்க"ன்னார். அமுக்கினேன். பணம் அவங்க கைக்கு போயிடுச்சு.

குளிர் வந்ததும் ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியிலன்னு எல்லா இடத்துலயும் சில்லுனு காத்து, ஹீட்டர் ஓடிட்டே இருக்கு. சந்தேகப்பட்டு மறுபடி டிஷ்யூ வெச்சு வாட்ச்சை பாத்துட்டு நின்னேன். விழவே இல்ல. திசை மாறுற மெஷினா இருந்தா விழுந்திருக்கணும்ல? எல்லா ரூம்லயும் அதே கதை, எல்லாமே வெளிய மட்டும்தான் தள்ளுது. கவரை கழட்டி டார்ச் அடிச்சா ஒரு சின்ன ஃபேன், ஒரு மஞ்ச ஸ்பாஞ்ச், அதுக்கு அந்தப் பக்கம் வெறும் பைப். பீங்கானே கிடையாது! நான் காசு போட்டு சூடு பண்ணின காத்தை காசு குடுத்து வெளிய தள்ளிட்டு இருந்திருக்கேன்.

போன் பண்ணா "ஒரு சீசன் போனா செட் ஆகும்"ங்கறார். அப்புறம் "உங்க வீடு பழசு சார், கசிவு அதிகம்". போட்டோ அனுப்பின உடனே "கவரை கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு", அதோட போன் எடுக்கறதில்ல. தளத்துல கேட்டா நாங்க வெறும் இணைச்சு விடுறவங்கதான், வேலை முடிஞ்சதுன்னு நீங்களே உறுதி பண்ணியிருக்கீங்கன்னு சொல்லி புகாரை குளோஸ் பண்ணிட்டாங்க. மூணு மாச சம்பளங்க, ஒரு சாரி கூட இல்ல.

பணத்தை விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. இப்படி எல்லா ஃபேனும் வெளிய மட்டும் இழுத்தா வீட்டுக்குள்ள அழுத்தம் குறையும், புகைபோக்கி வெச்ச விறகு அடுப்போ கேஸ் ஹீட்டரோ இருந்தா புகை உள்ள திரும்பும், கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாது, ஆளையே கொன்னுடும். அந்த மாதிரி வீட்டுலயும் இதையே மாட்டியிருப்பாங்களேன்னு நினைச்சா கை நடுங்குது.

விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. பணம் விடறதுக்கு முன்னாடி பீங்கானை வெளிய எடுத்து காட்டச் சொல்லுங்க. டிஷ்யூவை ரெண்டு மூணு நிமிஷம் விட்டு பாருங்க, ஒட்டணும், விழணும், திரும்ப ஒட்டணும். 90 சதவீதம் சூட்டை திருப்பித் தரும்னு அட்டைப்பெட்டில இருக்கறதை நம்பாதீங்க, அந்த மாடலோட டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. மாட்டினவர் நிக்கும்போதே அந்த பட்டனை அமுக்காதீங்க.