நான்கு சிரைகளையும் எண்ணிப் பார்த்த எக்கோ

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாயில் 31 வருடம் லஸ்கராக மடை திறந்து அடைத்தவன் நான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதே பிழைப்பு. பேத்திக்கு எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த மதுரை ஸ்கேன் மையத்தைப் பற்றி எழுத அந்தத் தகுதி போதும்.

பால் குடிக்கும்போது பச்சிளம் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்தது. முதலில் வேறோர் இடத்தில் ஐந்தே நிமிடம் பார்த்துவிட்டு, "சின்ன ஓட்டை, தானாக மூடிக்கொள்ளும்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 84. பதறிக்கொண்டு இங்கே வந்தோம்.

டாக்டரம்மா முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். தொப்புளுக்கு மேலே, நெஞ்சில், கடைசியாகக் கழுத்துக்குழியில் என்று கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். "நுரையீரலிலிருந்து வரும் நான்கு சிரைகளும் எங்கே சேர்கின்றன என்று பார்க்காமல் எழுதித் தர மாட்டேன், ஐயா."

திரையில் சிவப்பு என்றால் நல்ல ரத்தம், நீலம் என்றால் கெட்ட ரத்தம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கருவியை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது. ஒரு பெரிய சிரை நீலமாகக் கீழே இறங்க, எதிர்ப்பக்கம் இன்னொன்று சிவப்பாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இது எதிர்த்து ஓடுகிறதே?"

"அதுதான் ஐயா கோளாறு."

நான்கு சிரைகளும் இதயத்தின் இடது மேலறையில் விழாமல், ஒன்றாகக் கூடி அந்தச் சிவப்பு வழியே ஏறி, சுற்றிக்கொண்டு வலது பக்கத்திலேயே வந்து விழுகின்றன. டி.ஏ.பி.வி.சி. என்று பெயர். கருவில் நுரையீரலுக்கு ரத்தம் குறைவாகவே போவதால் ஐந்தாம் மாத ஸ்கேனில் இது தப்பிவிடுவது உண்டாம். மூடிக்கொள்ளும் என்றார்களே அந்த ஓட்டை, அதன் வழியாகத்தான் இடது பக்கத்துக்கு ரத்தமே கிடைத்துக்கொண்டிருந்தது. மூடியிருந்தால்? அன்று இரவு நான் தூங்கவில்லை.

குறைகளும் உண்டு. 2,200 ரூபாயை ரொக்கமாகவே கேட்டார்கள். சில்லென்ற ஜெல் பட்டதும் பிள்ளை வீறிட்டது. வயிற்றுத் தையலோடு வந்த என் மகளுக்குச் சாய்ந்து உட்கார ஓர் இடமில்லை. அறிக்கை முழுக்க ஆங்கிலம். நல்லவேளை, அதன் பின்பக்கத்தில் டாக்டரம்மா படம் வரைந்து கொடுத்தார். அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரிடமும் அதைத்தான் முதலில் நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார். செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். ஜெல்லை வெதுவெதுப்பாக்கி வைத்திருந்தார்கள். நாற்காலி மட்டும் இன்னும் அதே பிளாஸ்டிக் நாற்காலிதான்.