வயரை மாற்றுவதா, கப்பாசிட்டரை மாற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் இன்னும் பாடும் பழைய இருவழி (கீழ், மேல் சுருதிகளுக்குத் தனித்தனி ஒலிப்பான் உள்ள) ஸ்பீக்கர்களுக்குப் பலர் முதலில் வாங்குவது விலையுயர்ந்த வயர். காசு அங்கே வீணாகிறது.

கணக்கைப் பாருங்கள். 5 மீட்டர் தூரம், 0.5 சதுர மி.மீ. செம்பு வயர்: போக வர 10 மீட்டருக்குத் தடை ஏறக்குறைய 0.34 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.4 டெசிபல்கூட இல்லை. சாதாரண 2.5 சதுர மி.மீ. வயர் அதையும் போக்கிவிடும். தோட்ட மண்டபத்தில் 30 மீட்டர் இழுத்தால் கதை வேறு. மெல்லிய வயரில் 2 டெசிபல் போகும், அங்கே தடித்த வயர் கட்டாயம்.

கப்பாசிட்டர் அப்படியல்ல. ட்வீட்டருக்கு, அதாவது மேல் சுருதி ஒலிப்பானுக்கு, தொடராக இருக்கும் 4.7 மைக்ரோஃபாரட் நான்-போலார் (துருவமற்ற) எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் வயதாகி உலர்ந்தால் அதன் உள்தடை ஏறும். 2 ஓம் ஏறினாலே 8 ஓம் ட்வீட்டர் கிட்டத்தட்ட 2 டெசிபல் மங்கும். ஜால்ராவும் மோர்சிங்கும் பின்வாங்குவது காதுக்கே தெரியும்.

கப்பாசிட்டரின் ஒரு கம்பிக்காலைக் கழற்றி, உள்தடையைக் காட்டும் ஈஎஸ்ஆர் மீட்டரில் அளந்து பாருங்கள். உள்தடை ஏறியிருந்தால் அதே மதிப்புள்ள 250 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் (பிளாஸ்டிக் ஃபிலிம்) கப்பாசிட்டர் போடுங்கள். உருவம் பெரிது, பலகையில் கட்டி நிறுத்தாவிட்டால் அதிர்வில் ஈயப்பற்று விட்டுவிடும். துருவம் உள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைப் போடவே கூடாது. புதியதில் ஒலி கூர்மையாகக் குத்தினால் 0.5 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சேருங்கள்.

முதலில் ஒரு பெட்டியில் மட்டும் மாற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோனோவில் பாட்டு ஓடவிட்டு பேலன்ஸ் குமிழைத் திருப்பிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் மட்டும் அடுத்த பெட்டியைத் திறந்து மாற்றுங்கள். தெரியாவிட்டால் அதிலுள்ள பழைய கப்பாசிட்டர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது.