பழைய பைக்கில் சார்ஜ் ஏறவில்லையா? ஒயரையும் எர்த்தையும் முதலில் பாருங்கள்

என் வண்டி எழுபதுகளின் கடைசியில் வந்த நான்கு சிலிண்டர் பைக். மூன்று மஞ்சள் ஒயர் ஸ்டேட்டர் (எஞ்சின் ஓடும்போது ஏசி மின்சாரம் தரும் காயில்), தனி ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் (அந்த ஏசியை டிசி ஆக்கி வோல்ட்டையும் கட்டுப்படுத்தும் பெட்டி), 12 வோல்ட் பேட்டரி. இந்த மாதிரி வண்டியில் சார்ஜ் ஏறவில்லை என்றாலே முதலில் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள், அப்புறம் ரெகுலேட்டர், கடைசியில் ஸ்டேட்டர். மூன்றையும் மாற்றிவிட்டு அதே கோளாறோடு ஓடும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேட்டரியை வெளியே முழுதாக சார்ஜ் செய்துவிட்டுத்தான் சோதனையே தொடங்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எஞ்சினை 5000 ஆர்பிஎம்மில் வைத்தால் பேட்டரி முனையில் 14-ஐ ஒட்டி வர வேண்டும், எனக்கு 13-ஐத் தாண்டவே இல்லை. சரி, ஸ்டேட்டரைப் பார்ப்போம் என்று மஞ்சள் ஒயர்களைக் கழற்றி ஏசி வோல்ட்டில் ஜோடி ஜோடியாக அளந்தேன். மூன்று ஜோடியும் ஒரே அளவு, எந்த ஒயரும் எஞ்சின் உடம்போடு ஒட்டவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஒருமுறை அளந்துவிடுங்கள், சில காயில்கள் சூட்டில்தான் ஷார்ட் ஆகும்.

அடுத்தது பலரும் செய்யாமல் விடும் சோதனை. எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரை டிசி-யில் வைத்து ஒரு முனையை ரெக்டிஃபயரின் சிவப்பு ஒயரிலும் இன்னொன்றை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் வழியிலேயே தொலைகிறது என்று அர்த்தம். என் வண்டியில் 0.7. ரெகுலேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே இன்னொரு 0.4. கனெக்டரைப் பிரித்தால் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது, ஒரு பின் கருத்துப்போயிருந்தது. ரெகுலேட்டர் எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) எடுப்பதே தன் உடம்பு வழியாகத்தான், அதை முடுக்கியிருந்த பேட்டரி பெட்டியோ ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது! எர்த் எங்கிருந்து ஒழுங்காகக் கிடைக்கும்?

இன்னொன்று, அந்தக் காலத்துச் சில வண்டிகளில் மஞ்சள் ஒயர்களில் ஒன்று ஹெட்லைட் ஸ்விட்ச் வரை போய்த் திரும்பி வரும். பகலில் விளக்கை அணைத்து ஓட்டும்போது சார்ஜைக் குறைக்க அப்படிச் செய்தார்கள். இன்று அந்தச் சுற்றுவழியில் இருப்பதெல்லாம் பழைய ஸ்விட்ச் முனைகளின் தேய்மானம்தான். மூன்று மஞ்சள் ஒயரையும் நேராக ரெக்டிஃபயருக்கே கொடுத்துவிட்டேன், புதுக் கனெக்டர் போட்டேன், ரெகுலேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனி எர்த் ஒயர் இழுத்தேன். அன்றே 14.2 வந்தது.

பிற்பாடு ரெகுலேட்டரையும் சீரிஸ் வகைக்கு மாற்றினேன். பழைய ஷன்ட் வகை மிச்ச மின்சாரத்தை ஸ்டேட்டரிலேயே ஷார்ட் செய்து விடுவதால் காயில் எப்போதும் முழு லோடில் வேகும், சீரிஸ் வகை தேவையில்லாதபோது சர்க்யூட்டைத் திறந்துவிடும். வருடக்கணக்கில் ஓட்டியும் ஸ்டேட்டர் அப்படியே இருக்கிறது. சைஸ்தான் பெரிது, பழைய இடத்தில் உட்காராது, காற்று படும் இடமாகப் பார்த்து பிராக்கெட் செய்ய வேண்டியிருந்தது. செலவு பண்ணத் தகுந்த மாற்றம், ஆனால் ஒயர் வேலை முடித்த பிறகுதான்.

ஹேண்டில்பாரில் சின்ன வோல்ட் மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். ஐடிலில் விளக்கோடு 12.5 காட்டினால் பயப்பட வேண்டாம், இந்த ஸ்டேட்டர்கள் அந்த வேகத்தில் அவ்வளவுதான் கொடுக்கும். 15-ஐத் தாண்டினால் மட்டும் உடனே நிறுத்திப் பாருங்கள், பேட்டரி கொதித்துவிடும்.