மீன் ஆப்பில் 2,860 ரூபாய் போச்சு. வஞ்சிரம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பெயர் போடவில்லை. மீனும் கறியும் வெட்டிச் சுத்தம் செய்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்களில் ஒன்று, அவ்வளவுதான் சொல்வேன்.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்கலாம் என்று இரண்டு கிலோ வஞ்சிரம் ஆர்டர் போட்டேன். 2,860 ரூபாய், முன்பணமாகவே கட்டியாயிற்று. தயக்கமாக இருந்ததால் கட்டுவதற்கு முன் அவர்கள் நம்பருக்குக் கூப்பிட்டும் கேட்டேன். "மேடம், இன்னிக்குக் காலையில காசிமேட்டுல இறங்குனது. நானே பார்த்து எடுத்து வைக்கிறேன்" என்றார் எடுத்தவர். அந்த 'நானே பார்த்து' என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். இது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்கே போவதில்லை. நாட்டுப்படகில் கொஞ்சம் மீன் வரும், வராமல் இல்லை. ஆனால் ஆப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் கிலோ கிலோவாக அன்றைக்குப் பிடித்த வஞ்சிரம் எங்கிருந்து வரும்? இது தெரிந்தும் கேட்காமல் விட்டேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டியது பன்னிரண்டு பத்துக்கு வந்தது. பையன் பையைக் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டான். உள்ளே ஐஸ் இல்லை. முழுக்க உருகி, இளஞ்சிவப்பாகத் தண்ணீர் நின்றது. துண்டை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. தலை அனுப்பவில்லை, அதனால் கண்ணையோ செவுளையோ பார்க்க வழியில்லை. கவரில் பேக் செய்த தேதியும் இல்லை, 14 இலக்க உணவு உரிம எண்ணும் இல்லை. அம்மா தூத்துக்குடிக்காரர். ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "இது இன்னிக்கு சீலா இல்லடி, தூக்கிப் போடு" என்றார். வஞ்சிரத்தை அவர்கள் ஊரில் சீலா என்பார்கள்.

நான் போடவில்லை. 2,860 ரூபாய் ஆயிற்றே என்று மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தடவை அலசி, நாலு துண்டு பொரித்தேன். என் வீட்டுக்காரர் ஒரு துண்டு சாப்பிட்டார். மிளகைக் கடித்த மாதிரி நாக்கு சுரீர் என்கிறது என்றார். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பு, தலைவலி, படபடப்பு. டாக்டரிடம் ஓடினோம். வஞ்சிரம், சூரை, அயிலை போன்ற மீன்கள் குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் உண்டாகிவிடுமாம். பொரித்தாலும் குழம்பில் கொதிக்கவிட்டாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் அது போகாதாம். மாத்திரை போட்டு இரவுக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் நான் பட்ட பாடு!

அதன் பிறகு ஆப்காரர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில் சாட்டில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்". போட்டோ கேட்டார்கள், ஆறு அனுப்பினேன். பிறகு, பொருள் கையில் கிடைத்த 30 நிமிடத்துக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். மூன்று மணி நேரம் தாமதமாகக் கொண்டுவந்தவர்கள் எனக்கு 30 நிமிடக் கணக்கு சொல்கிறார்கள்! மறுபடி கேட்டதற்கு 150 ரூபாய் கூப்பன், அதுவும் ஏழு நாளுக்குள் அவர்களிடமே வாங்கினால்தான் செல்லும். 2,860 ரூபாய்க்கு 150. காலையில் பார்த்தால் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டுப் புகாரையே மூடிவிட்டார்கள். 'நானே பார்த்து' என்றவரின் நம்பர் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.

மீன் வாங்குவது பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கொண்டுவந்த பையனை நிற்கவைத்துப் பிரியுங்கள், வீடியோ எடுங்கள். ஐஸ் உருகியிருந்தால் வாங்காதீர்கள். மீன் கையில் வந்தபின் பணம் கொடுங்கள். நாற்றம் வந்த மீனை மஞ்சள் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நாக்கு சுரீர் என்றால் உடனே துப்பிவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன். மிச்சத் துண்டுகளை அந்தக் கவரோடு சேர்த்து மூன்று உறையில் கட்டி, 'சாப்பிடக் கூடாது' என்று எழுதி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.